மாமூல் பாதைக்கு ஒரு சாட்சி

நான் பார்த்த வெளிராஜ்யம் ஒன்றுதான். குரங்கணியில் என் வீட்டு வாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் தெரிகிற மலைக்கு மேலே அது இருக்கிறது. காலையில் புறப்பட்டுப் பாதையில் ஏறினால் மதியக் கஞ்சிக்கு அங்கே இருக்கலாம். அந்தப் பாதையை அப்போது அடைத்துவிட்டார்கள். அடைத்துவிட்டார்கள் என்று போய்ச் சொல்வதற்காக நான் போடிக்கு இறங்கி, பஸ் ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மொழிவாரியாக ராஜ்யம் பிரித்த மறு வருஷம் அது. அதற்கு முன்னாலும் மலை மேலே திருவாங்கூர்ச் சீமைதான். ஆனால் எங்கள் காலுக்கு அது தெரிந்ததில்லை. ராஜ்யம் பிரிக்கும்போது நடந்த சண்டையில்தான் மேலே ஒரு கோடு இருக்கிறது என்றே எங்கள் ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்தது.

நான் போனதற்குக் காரணம் இரண்டு. ஊர் சொன்ன காரணம் ஒன்று, என் காரணம் ஒன்று.

என் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்கு ஆள் நேரில் போய்க் கேதம் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரமானாலும் சரி. சொல்லாமல் விட்டால் நீ எங்களுக்குச் சொந்தமில்லை என்று சொன்ன மாதிரி. என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின மார்கழியில் தவறிப்போனார். சிலமலையிலிருந்து சின்னமனூர் வரை எல்லோருக்கும் கேதம் சொல்லியாயிற்று. ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் எங்கள் மகள் பேச்சியம்மாள். நாங்கள் ஏலக்காய் எடுக்க மேலே போயிருந்தபோது, மூன்று வயதில், மலைக்காய்ச்சலில் போனவள். பாதையின் மேல்பாதியில் ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்து ஒரு கல்லை நட்டு வைத்தோம். வருஷம் ஒருமுறை, தை பிறந்ததும் நானும் அவரும் ஏறிப்போய் அந்தக் கல்லைச் சுற்றிச் செத்தையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். அவர் போவதற்குச் சில மாசம் முன்னால் பாதையை அடைத்துவிட்டார்கள். அப்பா செத்தது அவளுக்குத் தெரியாது.

ஊர்க் காரணம் இது. மேலே இருந்த ஏலத் தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர்கள், காய் திருட்டுப் போகிறது என்று பாதையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் சுருளிக்கு அந்தப் பாதைதான் பிழைப்பு. நாலு கழுதை வைத்து மேலே அரிசி பருப்பு ஏற்றுகிறவன். அவன்தான் ஊரில் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி, தேவிகுளத்து அதிகாரிக்கு மனுப் போட்டான். விசாரணைக்கு நாள் வந்தது. தோட்டத்தில் துரை பங்களா கட்டுவதற்கு முன்பே அந்தப் பாதையில் நடந்த ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்களாம். ஊரில் தேடிப் பார்த்தால் நான் ஒருத்திதான் மிச்சம்.

“போயும் போயும் இந்த ஆத்தாவா?” என்று என் காது படவே ஒருவர் கேட்டார். “வீட்டுக்கு வந்தவுகளை ‘வாங்க’ன்னு சொல்றதுக்கே கதவுக்குப் பின்னாடி போயிரும்.”

சுருளிக்கும் அந்தக் கவலைதான். போடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, “ஆத்தா, அங்கயும் இப்பிடி முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நின்னீகன்னா, உங்க வாயிலருந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள என் கழுதை நாலும் குட்டி போட்ரும்” என்றான். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

மனுவின் நகல் ஒன்று அவன் மடியில் இருந்தது. அதை எனக்குப் பலமுறை வாசித்துக் காட்டியிருந்தான். “ஊரார் நெடுங்காலமாக நடந்துவரும் மாமூல் பாதை” என்று அதில் இருந்தது. நான் நாலாவது வரை படித்தவள். நான் படித்த புத்தகத்தில் மாமூல் என்ற சொல் இல்லை. பேச்சில் உண்டு. சௌக்கியமா என்று யாராவது கேட்டால் எல்லாம் மாமூல்தான் என்போம். மழை மாமூலாகப் பெய்தது என்போம். ஒரு பாதைக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டுப் பழக்கமில்லை.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் இருந்தார். ஏலக்காய் வியாபாரி. மலை ஏறத் தொடங்கியதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் திரும்பிப் பார்த்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சுருளி அதற்குள் எங்கள் கதையைப் பஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தான். ராவுத்தர் மனுவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“மாமூல் பாதைன்னு போட்டிருக்காக. நல்ல வார்த்தை. இது அரபிச் சொல்லு, தெரியுமாப்பா?”

“அரபியா?” என்றான் சுருளி. “எங்க போடிச் சந்தையில கொத்தமல்லிக் கட்டு விக்கிறவகூட மாமூலுங்கிறா. அவளுக்கு எப்ப அரபி தெரிஞ்சுச்சு?”

“அட, கேளு. அரபியில செய்யப்பட்டதுன்னு அர்த்தம். அங்கருந்து பாரசீகத்துக்குப் போச்சு. பாரசீகத்துக்காரன் அதை எடுத்து, எப்பவும் செஞ்சு வர்றதுன்னு வச்சுக்கிட்டான். நவாபு ஆண்ட காலத்துல கச்சேரி எழுத்துல ஏறி நம்மகிட்ட வந்துச்சு. கடல் தாண்டி மலை தாண்டி வந்த சொல்லு.”

“அதுக்கு மட்டும் எவனும் கேட்டைப் போட்டுப் பூட்டல போல” என்றான் சுருளி. பஸ்ஸில் நாலுபேர் சிரித்தார்கள்.

ராவுத்தர் சிரிக்கவில்லை. “மண்டியில மூடைக்கு ஒரு கை காயைச் சுமைக்காரன் எடுத்துக்கிடுவான். ஏன்டான்னு கேட்டா மாமூலும்பான். யார் சொன்னது, எப்பச் சொன்னது? எவனுக்கும் தெரியாது. தெரியாம இருந்தாத்தான் மாமூலு. இன்னார் இன்ன தேதியில ஆரம்பிச்சாருன்னு தெரிஞ்சா அது வெறும் ஏற்பாடு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பாதையில் முதலில் நடந்தது யார்? என் அம்மாவுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. காட்டு ஆடாகக்கூட இருக்கலாம்.

ஒரு வளைவில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. “என்னண்ணே, நின்னுருச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள். “இந்த வளைவுல நிக்கிறது மாமூலுக்கா. எறங்கி நடங்க, காத்து நல்லா இருக்கும்” என்றார் கண்டக்டர். எல்லோரும் இறங்கி நடந்தோம். எனக்கு அதுதான் சுகமாக இருந்தது. கால் தரையில் பட்டதும் வயிறு அடங்கிவிட்டது. கீழே போடி ஒரு கைக்குட்டை அளவு தெரிந்தது. கண்மாய்கள் சில்லுச் சில்லாக மின்னின. எங்கள் குரங்கணி பக்கத்து மடிப்புக்குள் மறைந்திருந்தது. என் வீட்டைத் தேடினேன். அங்கே இப்போது யாரும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. விளக்கேற்றக்கூட ஆளில்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தது அதுவே முதல் தடவை.

தேவிகுளத்தில் இறங்கியபோது மழை. எங்கள் ஊரில் மழை வரும்போது சொல்லிக்கொண்டு வரும். முதலில் காற்று, அப்புறம் மண்வாசம். இங்கே மழை எப்போது வந்தது என்றே தெரியாமல் நனைந்துகொண்டிருக்கிறோம்.

ஏலியம்மா என்றொரு மலையாளத்து அம்மாள் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். கடைக்குப் பின்னால் ஒரு அறையில் பெண்களைத் தங்கவிடுவாள். சுருளி கழுதைக்காரர்கள் தங்குகிற கொட்டடிக்குப் போய்விட்டான். ஏலியம்மா எனக்குக் குடிக்க வெந்நீர் கொடுத்தாள். அது ரோஸ் நிறத்தில் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரோ என்று நினைத்து வாசலில் ஊற்றிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். இங்கே எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள். சோறு சிவப்பாக, ஒவ்வொரு பருக்கையும் பல் மாதிரி பெரிதாக இருந்தது. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த துவையலும் தந்தாள். காரம் காதுவரை ஏறியது. எங்கள் கம்பஞ்சோற்றுக்கு அந்தத் துவையல் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் பேசியது மலையாளம். பாதி புரிந்தது, மீதியைக் கையால் காட்டினாள். அவளும் தனியாள்தான். என்னைக் கேட்டாள்: “அம்மச்சிக்குப் பிள்ளைகள் எத்தனை?”

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். அதனால் பல வருஷமாக நான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஒண்ணு” என்றேன். “பொண்ணு.”

“எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்?”

“இங்கதான். மேல.”

ஏதோ ஒரு தோட்டத்தில் இருக்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பெண் பக்கத்தில் இருப்பது பாக்கியம் என்று சொல்லி இன்னொரு துண்டு கிழங்கு வைத்தாள்.

மறுநாள் விசாரணை நடக்கவில்லை. அதிகாரி வேறு இடத்துக்கு முகாம் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அதிகாரி இருக்கும் கச்சேரிக்கு எதிரே ஒரு கல்சுவரில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சு மாதிரி மேகம் தெருவிலேயே நடந்து போயிற்று. இரண்டு பெண்கள் ஒரே குடைக்குள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி சொன்னதில், மாமியாருக்குக் காது கேட்காது, அது ஆண்டவன் செய்த உபகாரம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் திரும்பிப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு முழுக்க நான் யாரோடாவது சேர்ந்து சிரித்தது அந்த ஒருதரம்தான். எதற்குச் சிரித்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மத்தியானம் எங்கள் வக்கீல் வந்தார். வழக்கு இல்லாத நேரத்தில் ரப்பர் செருப்பு வியாபாரமும் செய்கிறவர் என்று சுருளி சொன்னான். நல்ல மனுஷர். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

“பெரியம்மா, மாமூல்னா என்னன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

நான் சுருளியைப் பார்த்தேன்.

“அவனைப் பாக்காதீங்க. ஒருத்தர் செஞ்சா அது பழக்கம். ஊரே செஞ்சா மாமூல். அதுலயும் முக்கியம், யார்கிட்டயும் கேக்காம செஞ்சிருக்கணும். பாதையில போகட்டுமான்னு ஒருதரம் கேட்டு, அவங்க சரி போன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. அது அவங்க தந்த சலுகை. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

“இல்லைங்க.”

“அவ்வளவுதான். அதைச் சொன்னா போதும்.”

வக்கீல் போன பிறகு பார்த்தால் சுருளியின் முகம் செத்துப்போயிருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ஆத்தா, வெத்தலை.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊரார் ஏலக்காய்க் காலத்துக்கு மேலே ஏறும்போது, வருஷத்தின் முதல் நாள், துரை பங்களாவின் படியில் ஒரு தட்டு வெற்றிலை பாக்கும் ஒரு படி மொச்சையும் வைத்துவிட்டுத்தான் போவோம். துரை இருந்த காலம் முழுக்க அது நடந்தது.

“தோட்டத்துக் காவக்காரன் கிழவன் பழைய ஆளு. அவன் அவுக வக்கீல்கிட்டச் சொல்லியிருப்பான். கேட்டுத்தான் போனாகன்னு சாதிச்சிருவாய்ங்க. ஆத்தா, உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். வெத்தலையை மட்டும் சொல்லிறாதீக. வைக்கலைன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. உங்களுக்குத்தான் ஒரு வார்த்தைக்கு மேல பேச வராதே.”

அன்றைக்கு அறையில் உட்கார்ந்து யோசித்தேன். வைக்கவில்லை என்று சொன்னால் பாதை திறக்கும். நான் போய் அவளிடம் சொல்லலாம். ஆனால் அந்தத் தட்டை ஏந்திப் போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் செய்ததை இல்லை என்று சொல்லித் திறந்த பாதையில் போய், அவர் செத்ததை எப்படிச் சொல்வது? வைத்தோம் என்று சொன்னால் போகவே முடியாது. இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒல்லியான மனுஷர். கழுத்தில் மப்ளர், கையில் கைக்குட்டை, நல்ல ஜலதோஷம். தமிழ் பேசினார், மலையாளத்து இழுப்போடு. எழுத்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். கடவுள் அறிய உண்மை சொல்வேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்க என்றார் எழுத்தர். மறுபடி சொன்னேன்.

பங்களா கட்டும்போது எனக்குப் பத்து வயசு, அதற்கு மணல் சுமந்திருக்கிறேன், அந்த மணலைக்கூட இந்தப் பாதையில்தான் சுமந்தேன் என்று சொன்னேன். எங்கள் வக்கீல் முகம் மலர்ந்தது. அப்புறம் தோட்டத்து வக்கீல் எழுந்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“வருஷா வருஷம் பங்களாப் படியில் வெற்றிலை பாக்கு வைத்தது உண்டா, அம்மா?”

சுருளி எனக்கு எதிரே சுவரோரம் நின்றிருந்தான்.

“வச்சோம்” என்றேன்.

சுருளி கண்ணை மூடிக்கொண்டான்.

“எதற்கு? துரையிடம் வழி கேட்டுத்தானே?”

“இல்லைங்க.” அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோலப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பேசினேன்.

“எங்க ஊர்ல புதுசா ஒருத்தர் குடிவந்தா ஊர்க்காரவுக வெத்தலை பாக்கு கொண்டுபோயி வைப்போங்க. நீங்க வந்ததுல எங்களுக்குச் சம்மதம், நல்லா இருங்கன்னு அர்த்தம். துரை எங்க பாதை ஓரத்துல வந்து வீடு கட்டுனாரு. பொண்டாட்டி புள்ளையைச் சீமையில விட்டுட்டு ஒத்தையா இருந்தாரு. அதான் வச்சோம். வந்தவுகளுக்கு இருக்கிறவுக வைக்கிறதுதானுங்க வெத்தலை? இருக்கிறவுகளுக்கு வந்தவுக வைக்கிறதா?”

எழுத்தரின் பேனா மட்டும் கீறிக்கொண்டிருந்தது.

“துரை அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் திரும்பிப் போயிருப்பீர்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒரு வருசம் துரை ஊருக்குப் போயிருந்தாருங்க. பங்களா பூட்டிக் கெடந்துச்சு. படியில வச்சிட்டு நடந்தோம். மறுநாளு பாத்தா குரங்கு தின்னுருந்துச்சு.”

அதிகாரி சிரிப்பைத் தும்மலாக மாற்றிக்கொண்டார். தோட்டத்து வக்கீல் மட்டும் விடவில்லை. “சரி அம்மா. இப்போது பஸ் வந்துவிட்டது. பாதை பூட்டுவதற்கு முந்தின வருஷம் அதில் நடந்தது யார் யார்?”

“சுருளி கழுதையோட போவான். நானும் என் வீட்டுக்காரரும் போவோம்.”

“வேறு?”

“வேற யாரும் இல்லைங்க.”

“ஊர் நடந்த பாதை என்கிறீர்கள். ஊர் எங்கே?”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி. அந்த ஊரை நானும் தினம் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

“செத்துப் போயிட்டாகய்யா” என்றேன்.

“யார் யார் நடந்தார்கள், பேர் சொல்ல முடியுமா?” என்று அதிகாரி கேட்டார்.

சொன்னேன். பெரிய கருப்பாயி. அவள் தங்கச்சி சின்னக் கருப்பாயி. மொட்டையன், அவன் மச்சான் வீரணன். நிறைமாசத்தோடு ஏறின ராமாயி. தலையில் ஆட்டுக்கல்லைச் சுமந்து போய்ப் பந்தயத்தில் ஜெயித்த ஒச்சு. பேர் சொல்லச் சொல்ல அடுத்த பேர் பின்னாலேயே வந்தது, பாதையில் ஒருவர் பின்னால் ஒருவர் வருகிற மாதிரி. எழுத்தர் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார். கடைசியில் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வழக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. சுருளி சொன்னான்.

“அவ்வளவுதானா?”

“ஒருத்தி இருக்கா. பேச்சியம்மா. மூணு வயசு. ஏறும்போது நடந்தா. எறங்கல.”

தோட்டத்து வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. தாளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். எழுத்தர் மலையாளத்துக் குரலில் தமிழை வாசித்தார். எல்லாப் பேரையும் வாசித்தார். பேச்சியம்மாள், வயது மூன்று என்றும் வாசித்தார். அவள் பிறந்ததை யாரும் எழுதவில்லை. செத்ததையும் எழுதவில்லை. அவள் பேர் ஒரு தாளில் ஏறியது அதுதான் முதல் தடவை. சரியா என்று கேட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணிக்கொண்டது.

முடிவான உத்தரவு எழுத்தில் வரும், அதுவரை கால்நடையாகப் போகிறவர்களைத் தடுக்கக் கூடாது, நாளைக்கு இடத்தை நேரில் பார்க்கிறேன் என்று அதிகாரி சொன்னார். வெளியே வந்ததும் சுருளி என் காலைத் தொட்டான். “ஆத்தா, இத்தனை நாளும் இந்த வாயை எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?” என்றான். ஏலியம்மாவின் ரோஸ் தண்ணீர் ஒரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் ஜீப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏலியம்மா வாழையிலையில் கிழங்கு கட்டிக் கொடுத்து, மகளைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சரி என்றேன்.

மேல் கேட் நான் நினைத்ததைவிடச் சின்னது. காவல்காரக் கிழவன் பூட்டைத் திறந்தான். கீழ்க் கேட்டை முன்னாலேயே திறந்துவிட்டார்களாம். என்னைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டான். கேட்டுக்கு அப்பால் பாதை கல்படியாக இறங்கியது. படி ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, அகல் மாதிரி மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதிகாரி ஒரு குழியில் தன் பூட்ஸை வைத்துப் பார்த்தார். “இதைக் காவல்காரன் உளி வைத்தா செதுக்கியிருப்பான்?” என்று மலையாளத்தில் யாரையும் பார்க்காமல் சொன்னார். தோட்டத்து ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அப்புறம் என்னிடம், “நீங்கள் இதிலேயே இறங்கிப் போகலாம், அம்மா. உங்கள் ஊர் இங்கே பக்கம்தானே” என்றார்.

இறங்கினோம். நடக்க ஆளில்லாத பாதை சீக்கிரம் காடாகிவிடுகிறது. சுருளி முன்னால் போய்க் கம்பால் செடிகளைத் தட்டி வழி செய்தான். அட்டை இரண்டு காலிலும் ஏறியது. ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ஈர வாசம். ஊற்றுச் சத்தம் கேட்டதும் சுருளி நின்றான்.

“நீங்க இருந்துட்டு வாங்க ஆத்தா. வெரசா வரணும்னு இல்ல. நான் அந்தத் திருப்பத்துல இருக்கேன்.”

கல்லைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாசி ஏறி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் இருந்தால் ஒரே தள்ளில் நிமிர்த்தியிருப்பார். நான் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். சுற்றிலும் செத்தையைக் கையால் வாரிப் போட்டேன். நகமெல்லாம் மண். ஊற்றில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கேதம் சொல்கிறவர்கள் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது. வாசலில் நின்று, இன்னார் போயிட்டாக என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சாவுக்கு ஊர் ஊராகப் போன ஆள் அப்படித்தான் சொல்லியிருப்பான். எனக்கு அது சட்டென்று வரவில்லை. அவள் மூன்று வயசிலேயே இருக்கிறாள். செத்தால் என்ன என்பது அவளுக்குத் தெரியுமா, அவளே போனவள்தானே என்றெல்லாம் கண்டபடி யோசனை ஓடியது.

“பேச்சி” என்றேன். “உங்க அப்பா போயிட்டாரு ஆத்தா. மார்கழியில. கஷ்டப்படல.”

அவ்வளவுதான். ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே எங்கேயோ கருமந்தி ஒன்று கத்தியது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. கேதம் கேட்ட வீட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போமே, அப்படி உட்கார்ந்திருந்தேன். வெயில் செடிகளுக்குள் இறங்கி, கல்மேல் ஒரு காசு அளவுக்கு விழுந்து, நகர்ந்து போயிற்று.

திருப்பத்தில் சுருளி இருமுவது கேட்டது. எழுந்தேன். மற்ற வருஷங்களில் கிளம்பும்போது, போயிட்டு வர்றோம் பேச்சி என்று நாங்கள் இரண்டுபேரும் சொல்வோம். கேத வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. முந்தானையைத் தட்டிவிட்டு, சொல்லாமல் நடந்தேன்.